வாழைக்கயர் பட்ட வெள்ளைச் சேட்டு

எனக்குப் பேய் பிசாசு ஒன்றிலும் நம்பிக்கை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதையைக் கேட்டு முடித்ததும் நீங்கள் என்னைப் பார்க்கப்போகிற பார்வை எனக்குத் தெரியும், என் மருமகன் பார்த்த அதே பார்வைதான், பாவம் மனுசிக்கு வயது போய்விட்டது என்ற பார்வை. நான் சுடலைக்குப் பக்கத்துக் காணியில் தனியே போய்ப் பனங்கொட்டை பொறுக்கியவள். உச்சிவெயிலில் புளியமரத்துக்குக் கீழே படுத்து நித்திரை கொண்டவள். ஊரில் யாராவது பேய்க்குக் கழிப்புக் கழித்தார்கள், பார்வை பார்த்தார்கள் என்று கேள்விப்பட்டால், அந்த நேரத்துக்கு நாலு உடுப்புத் தோய்த்திருக்கலாமே என்று சொல்கிற ஆள். அதனால் நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள், நடுவில் சிரிக்க மட்டும் வேண்டாம், எனக்குக் கோபம் வரும்.

நாங்கள் நீர்வேலி ஊர்க்காரர். வாழைத்தோட்டக்காரனைக் கட்டினால் சாப்பாட்டுக்குக் குறைவிருக்காது என்று சொல்லித்தான் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். கயரைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. வாழையை வெட்டினால் வடிகிறதே, அந்தப் பால்தான் கயர். படும்போது பச்சைத் தண்ணீர் மாதிரி, நிறமே தெரியாது. அடுத்த நாள் பார்த்தால் மண்ணிறம், அதற்கடுத்த நாள் கறுப்பு, பிறகு துணி கிழிந்து அடுப்புத் துடைக்கப் போகும் வரைக்கும் அது போகாது. என் கணவருக்கு, இனி இவர் என்றே சொல்கிறேன், கயர் படாத உடுப்பு என்று ஒன்று இருந்ததில்லை. தோட்டத்துக்குப் போகும்போது பழைய சாரத்தைக் கட்டிக்கொண்டு போங்கோ என்று கலியாணம் கட்டின நாளிலிருந்து சொல்கிறேன், செவிடன் காதில் ஊதின சங்குதான்.

அந்தக் காலத்தில் எங்கள் ஒழுங்கைக்கு, அந்தச் சின்னத் தெரு வீடுகள் எல்லாவற்றுக்கும், உடுப்பு வெளுத்தவர் ஒரு கட்டாடி. ஐம்பது வயதிருக்கும், மெலிந்த மனுசன், அதிகம் கதைக்கமாட்டார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் தோட்டத்துக் கிணற்றடியில் ஒரு கல் இருந்தது, ஒழுங்கை உடுப்பு முழுவதையும் அதில்தான் அடித்துத் தோய்ப்பார். மூன்று அடி அடித்து ஒரு மூச்சு விடுவார், பிறகு மூன்று அடி. குசினிக்குள் இருந்தாலும் அந்தச் சத்தத்தை வைத்து அவர் வந்துவிட்டார் என்று தெரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு வீட்டு உடுப்புக்கும் ஒவ்வொரு குறி. சேங்கொட்டையை ஊசியால் குத்தி, அதிலிருந்து வருகிற பாலால் கொலரின் உள்பக்கத்தில் போடுவார். எங்கள் வீட்டுக்கு இரண்டு புள்ளியும் ஒரு கோடும். அந்தக் கறுப்பு எந்தத் தண்ணீருக்கும் போகாது, தோலில் பட்டால் புண்ணாகிவிடும் என்று எங்களைத் தொடவும் விடமாட்டார்.

தொண்ணூறாம் ஆண்டு தொடக்கத்தில் இவருடைய சட்டை ஒன்று, நீலக்கோடு போட்ட சேட்டு, காணாமல் போனது. கட்டாடிமார் நல்ல உடுப்புகளை வாடகைக்கு விடுவார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு, எந்த மடையன் சொன்ன கதையோ, நான் அதை நம்பினேன். பேயை நம்பாதவள் அதை நம்பினேன் பாருங்கள். வாசல் படலையடியில் வைத்து அவரைக் கேட்டேன். கேட்டேன் என்ன, கத்தினேன். பக்கத்து வீட்டுப் பூமணி அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார், ஒழுங்கையால் போன இரண்டு பேர் சைக்கிளை விட்டு இறங்கி நின்றார்கள். அதுவரைக்கும் நீர் என்று கதைத்த மனுசனை அன்றைக்கு நீ என்றேன், கள்ளன் என்றும் சொன்னேன். அவர் மூட்டையை நிலத்தில் இறக்கிவைத்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

“நான் குறி போட்டது எங்கை போனாலும் என்னட்டைத் திரும்பி வரும் அம்மா. வந்த உடனை கொண்டுவந்து தாறன்.”

அதற்குப் பிறகு அவர் எங்கள் ஒழுங்கைக்கு வரவில்லை. வர என்ன இருந்தது, பூமணி அக்கா உடுப்புக் கொடுப்பதை நிறுத்தினார், அவரைப் பார்த்து மற்ற வீடுகளும் நிறுத்தின. அந்த மாரிக்கு நெருப்புக்காய்ச்சல் கண்டு ஆள் செத்துப்போனார். நான் செத்தவீட்டுக்குப் போகவில்லை. நாலைந்து மாதம் கழித்து, மண்ணெண்ணெய் இல்லாமல் சும்மா நின்ற தண்ணீர் இறைக்கிற மெசினில் ஒரு சொட்டாவது மிச்சம் இருக்குமா, விளக்குக்கு ஆகுமே என்று தோட்டத்துக் கொட்டிலுக்குப் போனால், மெசினின் வாயில் சுற்றிக் கட்டியிருக்கிறது அந்த நீலக்கோட்டுச் சேட்டு. இவரைக் கேட்டேன். ஓ அதுவா, பூச்சி போகாமல் நான்தான் கட்டிவைத்தேன் என்று சொல்லிவிட்டுச் சோற்றைக் குழைத்தார். எனக்கு அந்த நேரம் வந்த ஆத்திரத்துக்குச் சோற்றுக் கோப்பையைத் தூக்கி எறிந்திருப்பேன். ஆனால் இவர்மேல் மட்டும் ஆத்திரப்பட்டு என்ன, கத்தினது நான். சேட்டைக் கொண்டுபோய்ப் பெட்டிக்கு அடியில் வைத்தேன், யாருக்கும் சொல்லவில்லை. வெட்கம். வேறென்ன.

இனித்தான் விஷயத்துக்கு வருகிறேன். தொண்ணூற்றிரண்டு ஆவணியில் இவருக்கு ஒரு அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர் வேலைக்கு நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை மேய்க்கவேணும் என்பார்கள் எங்கள் ஆட்கள். சண்டையில் பாதை பூட்டினதோடு வாழைக்குலை கொழும்புக்குப் போவது நின்று, தோட்டத்திலேயே பழுத்து வௌவாலுக்குப் போய்க்கொண்டிருந்தது. இவருடைய வயதுக்கு இனி இன்னொரு கடிதம் வராது. வேலை கிடைத்தால் மூன்று பிள்ளைகளும் வயிறாறச் சாப்பிடும், இல்லாவிட்டால் இல்லை, அவ்வளவுதான். போட்டுக்கொண்டு போக வீட்டில் இருந்தது ஒரே ஒரு வெள்ளைச் சேட்டு. முந்தைய வருஷம் இவருடைய தம்பி கொழும்பிலிருந்து யாரிடமோ கொடுத்துவிட்ட புதுச் சேட்டு. கட்டாடி செத்த பிறகு வந்தது, இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை நேர்முகம். சனிக்கிழமை இந்த மனுசன் அந்தச் சேட்டைப் போட்டுக்கொண்டு பிள்ளையார் கோயிலுக்குப் போனார், சரி, அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. கோயிலால் வந்தவர் நேரே வீட்டுக்கு வரவேண்டியதுதானே. தோட்டத்தில் ஒரு வாழை குலையோடு சரிந்து நிற்கிறதைக் கண்டாராம், முட்டுக்கொடுக்கப் போனாராம், வாழை முறிந்து தோளில் விழுந்ததாம். தோளிலிருந்து பொக்கற் வரைக்கும் கயர். வந்து நின்று, தண்ணிதானே, காஞ்சிடும் என்கிறார். வாழைத்தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மனுசன்!

ஞாயிறு விடியத் தொடங்கினேன். சவுக்காரம் என்றால் அப்போது கனவிலே காண்கிற சாமான், பொருளாதாரத் தடையில் அது எப்போதாவது வரும், வந்தாலும் எங்களால் வாங்க முடியாது. தேசிக்காய்ப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன், கறை கொஞ்சம் அகன்றது, அகன்றது என்றால் போகவில்லை, பரவியது. சாம்பல் தண்ணீரில் ஊறவைத்தேன், மண்ணிறம் கடும் மண்ணிறமானது. விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயில் ஒரு தேக்கரண்டி எடுத்துத் தேய்த்தேன், அன்றிரவு பிள்ளைகள் இருட்டில் படுக்கட்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு. ஒன்றும் அசையவில்லை. இவர் படியில் இருந்துகொண்டு, பனம்பழத்திலை தோய்ச்சுப் பாருமன் என்று ஆலோசனை சொன்னார். அந்த வருஷங்களில் சவுக்காரத்துக்குப் பதிலாக நாங்கள் எல்லோரும் பனம்பழத்தைத் தண்ணீரில் பிசைந்துதான் தோய்த்தோம், நுரை வரும், ஊத்தை போகும், ஆனால் அந்த வாசத்துக்கு மாடு வந்து கொடியில் காய்கிற உடுப்பைச் சப்பும். முந்தைய கிழமைதான் பூமணி அக்காவின் மாடு என் பாவாடையில் பாதியைத் தின்றிருந்தது. இருந்தாலும் வேறு வழியில்லை, தோய்த்தேன். கயர் அப்படியே இருந்தது, மேலதிகமாகப் பனம்பழ வாசமும் வந்தது.

நல்ல உச்சிநேரம் கொடியில் போட்டுவிட்டு உலை வைக்கக் குசினிக்குள் போனேன். அரிசி கழுவி அடுப்பு ஊதி வெளியே வர அரைமணி நேரம் இருக்காது. கொடி வெறுமையாய் இருந்தது.

எனக்கு வேறு என்ன தோன்றும், மாடுதான். சண்டைக்கு நேரே பூமணி அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் மாடு விடியற்காலை தொடக்கம் கட்டையில் நிற்கிறது என்றார். நான் விடவில்லை, மாட்டின் வாயைத் திறந்தே பார்த்தேன், வைக்கோல்தான் இருந்தது. நாளைக்கு மனுசன் எதைப் போட்டுக்கொண்டு போவார் என்று அங்கேயே அழுதுவிட்டேன். பூமணி அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

“நீர் இப்பவும் தோய்ச்சுக்கொண்டெல்லே நிண்டனீர். கல்லிலை அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.”

நான் குசினிக்குள் நின்றேன், நான் அடிக்கவே இல்லை, பனம்பழத்தில் தோய்த்த துணியை அடித்துத் தோய்ப்பதும் இல்லை என்று சொன்னேன். அவர் சொன்னது சரியாக ஞாபகம் இருக்கிறது, மூன்று அடி, பிறகு கொஞ்சம் பொறுத்து மூன்று அடி, நான் களைத்துப்போய் விட்டுவிட்டு அடிக்கிறேன் என்று நினைத்தாராம்.

தோட்டத்துக் கிணற்றடிக்கு எப்படிப் போனேன் என்று தெரியாது. கல்லின்மேல் சேட்டு இருந்தது. மடித்து, கைகள் இரண்டும் பின்னால் போக, கொலர்ப் பொத்தான் பூட்டி, வாழைநாரால் கட்டி. கரிப்பெட்டியால் தேய்த்து மினுக்கின சூடு அப்படியே இருந்தது, சிரட்டைக்கரி வாசம் வந்தது. கல் மட்டும் காய்ந்து கிடந்தது. சுற்றிவர ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தோள் பக்கத்தைத் தூக்கிப் பார்த்தேன், கயர் இல்லை, பனம்பழ மஞ்சளும் இல்லை. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, உண்மையைச் சொல்கிறேன், தோட்டத்தை ஒருதரம் சுற்றிப் பார்த்தேன், ஒருத்தரும் இல்லை. ஊரில் அப்படி மடித்து வாழைநாரால் கட்டிக் கொடுத்தவர் ஒரே ஒருவர்தான்.

இவர் மத்தியானம் வந்து பார்த்துவிட்டு, பாத்தீரே, பனம்பழம் எண்டு நான் சொன்னனான் என்று நெஞ்சை நிமிர்த்தினார். நான் சேட்டை உள்ளே கொண்டுபோய் வைத்தேன். திங்கட்கிழமை அதைப் போட்டுக்கொண்டு போனார், நேர்முகம் நல்லாய் நடந்தது, இரண்டு மாதத்தில் வேலையும் கிடைத்தது. சேட்டுக் கிடைக்காவிட்டால் நாங்கள் என்ன செய்திருப்போம் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமை பின்னேரம் இவர் கழற்றிப்போட்ட சேட்டை எடுத்தபோதுதான் கவனித்தேன், புதுத்துணியின் மொடமொடப்பு இல்லை, பலதரம் தோய்த்த துணி மாதிரி மெத்தென்று இருந்தது. கொலரை மடித்துப் பார்த்தேன். உள்ளே குறி. எங்கள் குறி இல்லை, ஒரு சின்ன வட்டம், அதற்குள் ஒரு புள்ளி. குறிக்குப் பக்கத்தில் வெள்ளை நூலால் ஒரு கிழிசல் தைத்திருந்தது. நம்புவீர்களோ தெரியாது, அன்றிரவு முழுக்க நான் அந்தச் சேட்டு இருந்த அறைக்குள் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு மருதனார்மடத்துக்குப் போனேன். கட்டாடியின் மனைவி தங்கம்மா மகளோடு அங்கேதான் இருந்தார். ஒரு கொட்டில், ஒரு மினுக்குப் பெட்டி, மினுக்க நாலைந்து உடுப்புத்தான் கிடந்தது. சேட்டை நீட்டினேன். கொலரை மடித்துப் பார்த்தவர் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

“உது எங்கடை குறி. எங்கடை வீட்டு உடுப்புக்கு அவர் போடுறது. தைச்சது நான்.” தையலை விரலால் தடவிக்கொண்டே சொன்னார். “இதைப் போட்டுத்தான் பிள்ளை அவரைச் சுடலைக்குக் கொண்டு போனவை.”

என்னை எப்போதும் அம்மா என்று கூப்பிடுகிறவர் அன்றைக்குப் பிள்ளை என்றார். எனக்கு வாய் தானாகவே திறந்தது. நீலக்கோட்டுச் சேட்டை, மெசினை, நான் பேசாமல் இருந்த ஒன்றரை வருஷத்தை, எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் அழவில்லை, ஏசவுமில்லை, ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ நல்லாய் இருந்திருக்கும். சேட்டை வைத்துக்கொள்ளுங்கோ என்றேன், அவர் உங்களுக்குத் தந்ததை நான் வாங்க ஏலாது என்று என் கையிலேயே திருப்பி வைத்தார்.

“என்னட்டைச் சொல்லி என்ன பிள்ளை. படலையடியிலை சொன்னதைப் படலையடியிலை மாத்திச் சொல்லுங்கோ.”

சொன்னேனா? இல்லை. இவருக்கு வேலை கிடைத்த நேரம், ஊர் என்ன சொல்லும், அடுத்த மாதம் பார்ப்போம், தை பிறக்கட்டும், இப்படியே போனது. அந்தச் சேட்டு என்னைக் கொன்றது. இவர் கிழமைக்கு மூன்று நாள் அதைப் போட்டுக்கொண்டு கந்தோருக்குப் போவார், மை படும், சைக்கிள் சங்கிலி படும், தண்ணீரில் ஒருதரம் அலசினால் எல்லாம் போய்விடும். சவுக்காரம் இல்லாத ஊரில் என் மனுசன் மட்டும் பால்வெள்ளைச் சேட்டோடு போகிறார். என்ன போட்டுத் தோய்க்கிறீர் என்று பூமணி அக்கா கேட்பார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும், செத்த மனுசன் இப்படியா ஒருத்தியை வாட்டுவது என்று கிணற்றடியில் நின்று வாய்விட்டே ஏசியிருக்கிறேன்.

அடுத்த பங்குனியில் ஒருநாள் காலை பதினொரு மணியிருக்கும், தங்கம்மாவின் மகள் எங்கள் ஒழுங்கைக்கு வந்தாள். வீடு வீடாகப் போய், மினுக்க உடுப்பு இருக்குதா என்று கேட்டுக்கொண்டு வந்தாள். அவள் எங்கள் படலையடிக்கு வர, பூமணி அக்கா தன் படலையில் நின்று, உன்ரை கொப்பன் இந்த வீட்டுச் சேட்டை என்ன செய்தவன் எண்டு ஊருக்கே தெரியும், நீ போ என்றார். அந்தப் பெண் திரும்பினாள். அவளுடைய தகப்பன் மூட்டையை இறக்கிவைத்த அதே இடம்.

நான் படலையைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

“அக்கா, அந்தச் சேட்டைக் கட்டாடி எடுக்கேல்லை. எங்கடை இவர்தான் மெசினிலை சுத்தி வைச்சவர். நான் கண்டும் வாயை மூடிக்கொண்டு இருந்தனான். கள்ளி நான்தான்.”

பூமணி அக்கா, உதை ஏன் இப்ப சொல்லுறீர் என்று கேட்டார், நல்ல கேள்விதான். வீட்டுக்குள் போய் மினுக்கக் கிடந்த உடுப்பு முழுவதையும் கட்டி அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள், பிறகு போய்விட்டாள்.

திரும்பிக் கிணற்றடிக்குப் போனேன். காலையில் கொடியில் போட்ட வெள்ளைச் சேட்டைக் காணவில்லை. கல்லின்மேல் ஒரு சேட்டு மடித்து வைத்திருந்தது. விரித்தேன். தோளிலிருந்து பொக்கற் வரைக்கும் கயர். எங்கள் சேட்டு, தம்பி அனுப்பின சேட்டு. ஈரம் இன்னும் காயவில்லை, பனம்பழ வாசம் மூக்கில் அடித்தது. ஆவணியில் விழுகிற பனம்பழம் பங்குனியில் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்.

கொலரை மடித்தேன். இரண்டு புள்ளியும் ஒரு கோடும். எங்கள் வீட்டுக் குறி, பளபளவென்று, இப்போதுதான் போட்ட மாதிரி. உண்மையாய் ஈரமா என்று ஆள்காட்டி விரலால் தொட்டேன்.

இவர் அன்று பின்னேரம் வந்து, கந்தோருக்குப் போடுகிற சேட்டை நான் பழுதாக்கிவிட்டேன் என்று ஒரு கிழமை முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். இன்றைக்குக் கேட்டால், தான் பனம்பழம் என்று நெஞ்சை நிமிர்த்தினதையும் மறந்துவிட்டு வேறு கதை சொல்கிறார். கயர் ஒரு நாளும் போகவில்லை, நீர்தான் ஏதோ நினைச்சுக் குழம்பிறீர் என்பார். சேட்டு அலுமாரியில் இருக்கிறது, வந்து பாருங்கள். அவ்வளவு செய்த மனுசன் அந்தக் கயரையும் எடுத்துத் தந்திருக்கலாம், அது எனக்கு இன்றைக்கும் மனவருத்தம்தான்.

ஆனால் நான் உங்களுக்குக் காட்ட வந்தது சேட்டை அல்ல. இந்த விரல். தொட்ட அடுத்த நாள் கொப்பளித்துப் புண்ணானது, ஆற ஒரு மாதம் எடுத்தது, ஆறின இடத்தில் கறுப்பாய் ஒரு புள்ளி. சேங்கொட்டை துணியில்தான் நிற்கும், தோல் உரிந்தால் போய்விடும் என்று வைத்தியர் சொன்னார். தோல் எத்தனையோ தரம் உரிந்துவிட்டது. தேசிக்காய், சாம்பல், மண்ணெண்ணெய், பிறகு கடையில் விற்கிற அத்தனை சவுக்காரமும் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டேன். முப்பது வருஷமாக அப்படியே இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் நான் மறந்துவிடுவேன், கை கழுவும்போதெல்லாம் அவர் படலையடியில் சொன்னது ஒன்றுதான் காதில் கேட்கிறது. நான் குறி போட்டது எங்கே போனாலும் என்னிடம் திரும்பி வரும் என்றார். துணியைத்தான் சொன்னார் என்று நானும் அப்போது நினைத்தேன்.